மஞ்சள் காட்டுக்கு நடுவில் ஆப்பிள் இலை ஆராய்ச்சி

கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி எடுத்து எம்.இ., எம்.சி.ஏ., பி.எச்டி. பண்ணுகிற பிள்ளைகளின் தலைப்புகளில் 'டீப் லேர்னிங் மூலம் இலை நோய் கண்டறிதல்', அதாவது இலைப் படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்கி நோயைச் சொல்ல வைப்பது, வருஷா வருஷம் தவறாமல் வந்துவிடும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் அதைத் தேடி எடுப்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் நான் வைவா எடுக்கப் போன இடங்களில் பழக்கப் பயன்படுத்துவது பெரும்பாலும் ஒரே டேட்டாசெட்தான் (படத் தொகுப்பு): பிளான்ட்வில்லேஜ்.

அதில் 54,306 படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். ஆப்பிள், செர்ரி, பீச், ஸ்ட்ராபெரி, புளூபெரி எல்லாம் உண்டு. மஞ்சள் இல்லை. தென்னை, வாழை, பருத்தி, கரும்பு, மரவள்ளி எதுவுமே இல்லை. தக்காளி, மக்காச்சோளம் மாதிரி சிலதுதான் நம் பக்கம் விளைகிறவை.

சிவகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வீட்டில் மஞ்சள் வெள்ளாமை. புராஜெக்டில் 98 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்வதாக அக்யூரசி காட்டினாள். "உங்க காட்டு இலையை வச்சு ஓட்டிப் பாத்தியா கண்ணு?" என்று கேட்டேன். "இல்லீங்க சார். டேட்டாசெட்ல மஞ்சளே இல்லீங்க. அடுத்த ரிவ்யூவுக்குள்ள அக்யூரசி காட்டோணும்னு சொல்லிட்டாங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேட்டதை அவள் செய்து கொடுத்திருக்கிறாள். அவளிடம் கேட்கப்பட்டதுதான் தப்பு.

பிளான்ட்வில்லேஜ் படங்கள் இலையைப் பறித்து, வெறும் பின்னணியில் தனியாக வைத்து எடுக்கப்பட்டவை. 2016இல் அதை வைத்து வந்த புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரை 99.35 சதவீதம் காட்டியது. அதே கட்டுரையிலேயே, வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். நம் ஆட்கள் முதல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2022இல் இன்னொருவர் இலையையே பார்க்காமல், படத்தின் பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சலை (படத்தின் புள்ளிகளை) எடுத்து மாடலை, அதாவது நோயைச் சொல்லும் புரோகிராமை, பழக்கினார். 49 சதவீதம் சரியாகச் சொன்னது. குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6தான் வரும். அப்படியென்றால் அந்த 99இல் எவ்வளவு நோயைப் பார்த்து வந்தது, எவ்வளவு பின்னணியைப் பார்த்து வந்தது?

இதற்கு மேல் இன்னொரு கோளாறும் நடக்கிறது. படங்களைத் திருப்பி, புரட்டிப் பெருக்கிவிட்டு, அப்புறம் பழக்க டிரெய்னிங், சோதிக்க டெஸ்ட் என்று பிரிக்கிறார்கள். ஒரே இலையின் நேர்ப்படம் இந்தப் பக்கமும் திருப்பிய படம் அந்தப் பக்கமும் போய்விடுகிறது. மாடல் ஏற்கனவே பார்த்த இலையையே டெஸ்டிலும் பார்க்கிறது. முதலில் பிரித்துவிட்டு, டிரெய்னிங் படங்களை மட்டும் பெருக்க வேண்டும். இதை ஒரு கைடு பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

உகாண்டாவைப் பாருங்கள். 2020இல் காகிள் என்ற இணையதளம் நடத்திய போட்டிக்கு வந்த மரவள்ளி டேட்டாசெட்டில் 21,367 படங்கள். பெரும்பாலானவை விவசாயிகள் தங்கள் காட்டிலேயே எடுத்தவை. என்ன நோய் என்று அந்நாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவன வல்லுநர்கள் குறித்துக் கொடுத்தார்கள். மெக்கரேரே பல்கலைக்கழக ஏஐ ஆய்வகம் கூட நின்றது. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் அந்தப் படங்களை வைத்து உழைத்தார்கள். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் நமக்கு மரவள்ளி இல்லையா? தேமல் நோய் இங்கேயும் உண்டு. ஆனால் அதைக் கொண்டுவரும் வைரஸ் வேறு, ரகம் வேறு. அவர்கள் படத்தை வைத்து நம் காட்டுக்குச் சொல்ல முடியாது.

குறித்துக் கொடுக்க இங்கே ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. கோவையில் வேளாண் பல்கலைக்கழகம், ஏத்தாப்பூரில் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம், ஆழியார்நகரில் தென்னை ஆராய்ச்சி நிலையம். எல்லாமே நம் கல்லூரிகளிலிருந்து பஸ் ஏறிப் போய்வரும் தூரம். மஞ்சளில் இலைப்புள்ளி ஆவணி, புரட்டாசி ஈரத்தில்தான் நன்றாகத் தெரியும். பழுப்பு ஓரம், நடுவில் சாம்பல், சுற்றிலும் மஞ்சள் வளையம். எம்.இ. மூன்றாம் செமஸ்டர் நடப்பதும் அதே மாதங்களில்தான். சேறு தெறித்த இலை, பனி படிந்த இலை, பக்கத்து இலையின் நிழல் விழுந்த இலை, இதெல்லாம் படத்தில் வரட்டும். மாடல் 70 சதவீதம்தான் சொல்லும். அந்த 70ஐ நான் மதிப்பேன்.

பயிர் மட்டுமில்லை. திருப்பூரில் செக்கிங் டேபிளில் பெண்கள் நாள் முழுக்கத் துணியில் கண்ணால் தேடும் ஓட்டையும் ஆயில் கறையும், விற்பனைக் கூடத்தில் வியாபாரி விரலி மஞ்சளை உடைத்து நிறம் பார்ப்பதும் ஆய்வுக் கேள்விகள்தான்.

எல்லோரும் அவசரப்படுவது பேப்பருக்காக. பி.எச்டி. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஜர்னலில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 நவம்பரில் எடுத்துவிட்டது. ஆனாலும் பல இடங்களில் பேப்பர் கேட்பது நிற்கவில்லை. எம்.இ. பிள்ளையிடமும் கேட்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு போடும் ஜர்னல்கள் அதில்தான் பிழைக்கின்றன. காந்திபுரத்தில் புராஜெக்டை முடித்துக் கையில் கொடுக்கிறவர்களும் அப்படித்தான்.

கைடுகளாக இருக்கும் நண்பர்களுக்கு என் கோரிக்கை: முதல் பாதி புராஜெக்டை டேட்டா சேகரிப்புக்கே விடுங்கள், அதற்கு மார்க் போடுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எந்த ரகம், யார் நோயை உறுதி செய்தார்கள் என்று ஒவ்வொரு படத்துக்கும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். விவசாயியிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த பேட்ச் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் போடுங்கள். தோட்டம் வேண்டும் என்றால் கொடுமுடி, சிவகிரிப் பக்கம் எனக்குத் தெரிந்த விவசாயிகளிடம் பேசித் தருகிறேன். இன்பாக்ஸில் எழுதுங்கள். ஆடி முடிவதற்குள் சொன்னால் நல்லது.