மூணு கார்டு

சரி, எல்லோரும் கிளிப்பைப் பார்த்துவிட்டீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பியிருக்கிறார்கள், அதில் நாலு பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையோடு. பங்க் பற்றி, அதாவது எழுபதுகளில் கிளம்பிய அந்த முரட்டு ராக் இசை பற்றி, பேச்சு வந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன நடந்தது என்று முழுக்கத் திரும்ப எழுதப் போவதில்லை. "மூணு கார்டு தெரிஞ்சா பேண்ட் ஆரம்பிக்கலாமாம். என்கிட்டயும் ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, பான் கார்டு மூணும் இருக்கும்மா, அப்ப நானும் பங்க்தானே?" என்று மூத்த எழுத்தாளர் ஐயா ஒருவர் என்னைக் கேட்டார். அரங்கம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். நல்ல ஜோக். கிதாரில் சில கம்பிகளை அழுத்திப் பிடித்து ஒன்றாக மீட்டுவதற்கும் கார்டு என்றுதான் பெயர்.

கிளிப்பில் இல்லாதது அடுத்து அவர் சொன்னது. "வாசிக்கத் தெரியாதவன் போட்ட சத்தம், எழுபத்தொன்பதுலயே செத்துப்போச்சு. மிச்சம் ஊக்கும் டி-ஷர்ட்டும்தான்." நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. அதனால் இங்கே.

அந்த மூணு கார்டு 1977 ஜனவரியில் சைட்பர்ன்ஸ் என்ற இங்கிலாந்துச் சின்னப் பத்திரிகையில் வந்த ஒரு படம். கிதாரில் விரலை எங்கே வைக்க வேண்டும் என்று புள்ளி வைத்துக் கையால் வரைந்த மூன்று கட்டங்கள். இது ஒரு கார்டு, இது இன்னொன்று, இது மூன்றாவது, இனி போய் பேண்ட் ஆரம்பி. இதில் வாசிக்கத் தெரிய வேண்டாம் என்று எங்கே இருக்கிறது? தெரிந்த மூன்றோடு தொடங்கு, யார் வாசலிலும் போய் நிற்காதே என்றுதான் இருக்கிறது. பங்க் விட்டுப்போன சொத்து இது ஒன்றுதான். சட்டையில் குத்திக்கொண்ட ஊக்கு இல்லை. தலைமுடியும் இல்லை (நம் ஊரில் பின்கழுத்தை மறைக்கிற முடிக்குத்தான் பங்க் என்று பெயர், அது வேறு கதை).

மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் என்று பேண்ட் வைத்திருந்த சில பையன்கள். 1976 ஜூன் 4 அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் பேண்டைத் தங்கள் ஊருக்கு அழைத்து ஒரு சின்ன அரங்கில் வாசிக்க வைத்தவர்கள். வந்தவர்கள் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத்திலிருந்துதான் பின்னாளில் பேர் வாங்கிய பேண்டுகள் ஜாய் டிவிஷன் வந்தது, தி ஃபால் வந்தது. ஏழெட்டு மாதத்தில் பஸ்காக்ஸ் கடன் வாங்கித் தாங்களே இசைத்தட்டுப் போட்டார்கள். செலவு சுமார் 500 பவுண்டு, முதலில் அடித்தது 1000 பிரதி. அட்டைப்படம் போலராய்டில் எடுத்தது. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முறை வாசித்ததில் பதிவானது என்றுகூட உறையில் போட்டிருந்தார்கள். சமையல் குறிப்பைப் பாத்திரத்திலேயே ஒட்டிக் கொடுத்த மாதிரி. நீயும் செய்து பார் என்று அர்த்தம். பெரிய கம்பெனி கதவைத் தட்டாமல் இன்று யூடியூபில் பாட்டு ஏற்றுகிற பிள்ளைகள் நடப்பது அப்படிப்பட்டவர்கள் போட்டுவைத்த பாதையில்தான்.

என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1998, கல்லூரி இரண்டாம் ஆண்டு. நானும் இரண்டு தோழிகளும் பதினாறு பக்கத்தில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை, நாற்பது ஜெராக்ஸ். சாதாரண ஸ்டாப்ளர் நடு மடிப்புக்கு எட்டாது. ஸ்டாப்ளரை முழுக்க விரித்து, கீழே ரப்பர் செருப்பை வைத்து அதன் மேல் அடிப்போம். பின் செருப்பில் இறங்கி நிற்கும். மெதுவாகப் பிடுங்கி, ஸ்கேல் விளிம்பால் இரண்டு காலையும் மடக்க வேண்டும். நாற்பது பிரதி முடிவதற்குள் விரலில் ரத்தம் வந்துவிடும். மூன்றாவது இதழை ஒரு பேராசிரியர் வகுப்பில் தூக்கிக் காட்டினார். இருபத்து மூன்று சிவப்பு வட்டம். "ஒற்றுப்பிழை திருத்தத் தெரியாதவங்களுக்கு எதுக்கும்மா பத்திரிகை?" அன்றும் எல்லோரும் சிரித்தார்கள். நான்காவது இதழ் வரவில்லை. அப்போது எனக்கு பங்க் என்றால் பெட்ரோல் பங்க்தான். பல வருடம் கழித்து அந்த மூன்று கட்டப் படத்தைப் பார்த்தபோது அழுகை வந்தது. இதையும் கிளிப் போட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள்.

இனி வரப்போகும் கமெண்ட்டுகள். "வெள்ளைக்காரப் பசங்க கோபம், நமக்கென்ன?" எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற லண்டன் பங்க் பேண்டில் பாடிய பாலி ஸ்டைரீனின் அப்பா சோமாலியாக்காரர். தன் பத்தொன்பதாவது பிறந்தநாளில் செக்ஸ் பிஸ்டல்ஸைப் பார்த்துவிட்டு, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தாள். பல்லில் கம்பி மாட்டிக்கொண்டே மேடையேறினாள். நம் மாயா அருள்பிரகாசம், அதாவது பாடகி எம்.ஐ.ஏ., தன் பேப்பர் பிளேன்ஸ் பாட்டுக்கு அடியில் ஓட விட்டது தி கிளாஷ் என்ற லண்டன் பங்க் பேண்ட் 1982-ல் போட்ட பாட்டின் துண்டு. ஈழத்திலிருந்து அகதியாக லண்டன் போன பெண் அவள்.

செத்துப்போச்சா? 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் பங்க் கச்சேரிக்குள் போலீஸ் புகுந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப்போனது. பையன்களுக்கு மொட்டை அடித்தார்கள், ஏரியில் இறக்கிக் குளிக்க வைத்தார்கள், பத்து நாள் "திருத்தினார்கள்". செத்தவருக்காக மொட்டை போடுவது நம் வழக்கம். அங்கே உயிரோடு இருந்ததால் போட்டார்கள்.

முதல் அலையில் சிலர் நாஜிச் சின்னத்தை மாட்டிக்கொண்டு திரிந்தார்களே என்பீர்கள். ஆமாம், அசிங்கம். 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பார்க்கில் இனவெறிக்கு எதிராகக் கிளாஷும் பாலி ஸ்டைரீனும் மேடையேறியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதில் போதாதென்றால் போதாதுதான்.

டி-ஷர்ட் விஷயம்தான் கொஞ்சம் வலிக்கிறது. என் அக்கா மகள் ரமோன்ஸ் என்ற பங்க் பேண்டின் பெயர் போட்ட சட்டை போட்டிருக்கிறாள், அது துணிக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு. 2013-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியமே பங்க் உடைகளைக் கண்காட்சி வைத்தது. 2016-ல் செக்ஸ் பிஸ்டல்ஸ் மேனேஜரின் மகன் ஜோ கோரே, 50 லட்சம் பவுண்டு பெறும் என்று சொல்லி, பழைய பங்க் பொருட்களைத் தேம்ஸ் நதியில் படகில் வைத்துக் கொளுத்தினார். பாவம், அவரும் துணிதான் பங்க் என்று நினைத்துவிட்டார் போல. மூணு கார்டை எப்படிக் கொளுத்துவார்?

"சிற்றிதழ்க்காரங்க இதையெல்லாம் அப்பவே செஞ்சாச்சு." செய்தார்கள், யார் இல்லையென்றது? 'எழுத்து' சிற்றிதழ் நடத்திய சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துபோய் விற்ற கதையை ஐயா மேடைக்கு மேடை கண்கலங்கித்தான் சொல்கிறார். நானும் கலங்கியிருக்கிறேன். அதையே மான்செஸ்டர்ப் பையன் செய்தால் சத்தம், பல்லில் கம்பி போட்ட பெண் செய்தால் கோமாளித்தனம், பத்தொன்பது வயதில் நான் செய்தால் ஒற்றுப்பிழை. ஐயா, உங்கள் முதல் தொகுப்பை நூலகத்தில் எடுத்துப் படித்திருக்கிறேன். அதிலும் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. நான் வட்டம் போடவில்லை.

கிளிப்பை அனுப்புகிறவர்கள் அனுப்பிக்கொள்ளுங்கள். சிரிப்பு வருகிற இடத்தோடு வெட்டாதீர்கள், அவ்வளவுதான். மைக் இல்லாமல் நான் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது அதற்கப்புறம்தான் வருகிறது.