தவிட்டுக்கும் மாந்தோலுக்கும் சன்ஸ்கிரீனில் என்ன வேலை?

மாங்கூழ் ஆலைகளில் பருவந்தோறும் குவியும் தோலும் கொட்டையும், ஒயின் ஆலைகள் ஒதுக்கும் திராட்சைச் சக்கையும் சன்ஸ்கிரீனில் சேரலாம் என்ற யோசனையை மனமார வரவேற்கிறேன். ஆனால் அவற்றுக்கு அங்கே என்ன வேலை என்பதை விற்பவர்கள் மழுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

புற ஊதாக் கதிரைத் தோலின் மேலேயே தடுப்பது துத்தநாக ஆக்சைடு போன்ற வடிகட்டிகளின் வேலை. எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு எண்) 30 உள்ள களிம்பை, சோதனைக்கூடத்தில் பூசுவதுபோல் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசினாலும், தோலைச் சிவக்கவைக்கும் யு.வி.பி. வகைப் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 3 சதவீதம் உள்ளே போகும். நாமோ பெரும்பாலும் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. அப்படி நுழையும் கதிர் தோலுக்குள் கிளப்பிவிடும், செல்களைச் சிதைக்கும் நிலையற்ற மூலக்கூறுகளை (ஃப்ரீ ராடிக்கல்களை) தணிப்பதுதான் இந்தக் கழிவுகளிலிருந்து கிடைக்கும் ஆன்டிஆக்சிடன்ட்டுகளின் வேலை. இதற்கு நல்ல சான்று ஃபெருலிக் அமிலம். தவிட்டு எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது ஒதுங்கும் கழிவிலிருந்தே இதை எடுக்க முடியும். வைட்டமின் சி, ஈ கலந்த கரைசலில் இதை அரை சதவீதம் சேர்த்தபோது, பன்றித் தோலில் நான்கு மடங்காக இருந்த பாதுகாப்பு ஏறத்தாழ எட்டு மடங்கானது என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

சிக்கல் எஸ்.பி.எஃப். எண்ணில் இருக்கிறது. தோல் சிவக்க எவ்வளவு கதிர் தேவைப்படுகிறது என்பதை வைத்தே அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அழற்சியைத் தணிக்கும் தாவரச் சாறு சிவப்பதைத் தள்ளிப்போட்டால், உள்ளே டி.என்.ஏ. சிதைந்துகொண்டிருக்கும்போதே எண் மட்டும் உயரக்கூடும்; காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடன் வரவில்லை என்பது போன்றது அது. சாற்றை எத்தனாலில் கரைத்து ஒளி உறிஞ்சலை மட்டும் அளந்து சொல்லும் எஸ்.பி.எஃப்., தோலில் பூசிய களிம்புக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்துள்ள வடிகட்டிகளின் பட்டியலில் தாவரச் சாறு எதுவும் இல்லை.

(எலுமிச்சைத் தோலை முகத்தில் தேய்க்கச் சொல்லும் காணொளிகளை நம்பி வெயிலில் இறங்காதீர்கள், அதிலுள்ள ஃபியூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் கதிர் பட்டதும் தோலைக் கொப்பளிக்கச் செய்யக்கூடும்.)

மாந்தோலில் தங்கும் பூச்சிக்கொல்லியை நீக்குவது, பருவத்துக்குப் பருவம் மாறும் சத்தை ஒரே அளவில் நிறுத்துவது, களிம்பு பழுப்பேறாமல் காப்பது ஆகியவற்றில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. டப்பாவின் மேல் ஒரு மாவிலை வரைவது எளிது என்பதால், விளம்பரங்கள் அதோடு நின்றுவிடுகின்றன.