வி.எஃப்.டி. பொருத்தினால் மின்தேவை பாதியாகுமா?

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் மோட்டார்களுக்கெல்லாம் வி.எஃப்.டி. (மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பொருத்தினால் அவற்றின் மின்தேவை பாதியாகும் என்று ஒருவர் எழுதியிருப்பது திருத்தப்பட வேண்டியது.

வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்திறன் ஏறக்குறைய 51 சதவீதமாகும் என்ற கணக்கு மின்விசிறிகளுக்கும், உராய்வைத் தவிர வேறு எதிர்ப்பில்லாத குழாய்வழியில் ஓடும் மையவிலக்குப் பம்புகளுக்கும் பொருந்தும். மேல்தொட்டிக்கு நீர் ஏற்றும் பம்பில் அவ்வளவு மிச்சம் கிடைக்காது. தோல் பதனிடும் டிரம்மிலோ முறுக்குவிசை பெரிதும் மாறாததால் மின்திறன் வேகத்தின் அளவுக்கே குறையும்; அதே வேலைக்கு டிரம் கூடுதல் நேரம் சுழன்றால் அந்த மிச்சமும் கரைந்துவிடும்.

பொறியியல் கணக்கைச் சரிசெய்தாலும் அது ஒரு ஆலையின் கணக்குதான். கடன் வட்டி, மின்கட்டணம், ஏற்றுமதித் தேவை ஆகியவற்றைப் பார்த்தே முதலாளி கருவி வாங்குவார். செலவு குறைந்தால் உற்பத்தியைக் கூட்டவும் செய்வார். சிக்கனமே பயன்பாட்டைக் கூட்டிவிடாதா என்று, நிலக்கரி குறித்து ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவான்ஸ் 1865இலேயே எழுப்பிய கேள்வி இதுவே. அதற்காகச் சிக்கனமே வீண் என்று நான் சொல்லவில்லை. மிச்சத்தில் எவ்வளவு திரும்பச் செலவாகிறது என்பதை அளந்தாக வேண்டும்.

இதற்காகவே, ஆற்றல் கருவிகளை ஒவ்வொன்றாகக் கணக்கிடும் மார்க்கல் (MARKAL) என்ற கணினி மாதிரியைப் பொருளாதாரம் முழுவதையும் பார்க்கும் மேக்ரோ (MACRO) என்ற மாதிரியுடன் 1990களின் தொடக்கத்தில் இணைத்தார்கள். ஆற்றலின் செலவும் தேவையும் அதில் ஒன்றையொன்று தீர்மானிக்கின்றன. ஆலைகளின் மின்தேவையை முன்கூட்டிச் சொல்ல விரும்புவோர், தேவை மாறாது என்று வைத்துக்கொண்ட ஒற்றைப் பெருக்கலை விட்டு, அத்தகைய கணக்கையே முன்வைக்க வேண்டும்.