கடல் + கல்

(வடசென்னையின் மீனவர் பகுதியான காசிமேடு. வாசற்படியில் உட்கார்ந்து கயிற்றின் சிக்கெடுக்கிறார் ஆயா. பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பேரன், தமிழ் நோட்டுடன். நடுவில் பர்மா நூடுல்ஸான அத்தோ, ஒரு பொட்டலம்.)

பேரன்: ஆயா, பிரிக்கவா?

ஆயா: முதலில் பாடத்தைப் பிரி. அப்புறம் அத்தோ.

பேரன்: பாடமே அதுதான். ‘கடற்கரை’, பிரித்து எழுதுக. கடல் + கரை. சரியா?

ஆயா: தப்பு. கரை எங்கேடா இருக்கு? துறைமுகம் கட்டியதும் மணலெல்லாம் அதற்குத் தெற்கே தங்கி மெரினா அகலமானது. வடக்கே நம் கரையைக் கடல் தின்றது. அப்புறம் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கடல் + கல் என்று எழுது.

பேரன்: வாத்தியார் மார்க் போடமாட்டார்.

ஆயா: இங்கே வந்து கால் நனைக்க இடம் தேடச் சொல். போடுவார்.

பேரன்: அடுத்தது. ‘பிரிந்தான்’ தன்வினை, ‘பிரித்தான்’ பிறவினை. வாக்கியம் வேண்டும்.

ஆயா: உன் சித்தப்பன் தனிக்குடித்தனம் போனான் இல்லையா? “அவராகத்தான் பிரிந்தார்” என்கிறாள் உன் அம்மா. “அக்காதான் பிரித்தார்” என்கிறாள் உன் சித்தி. இந்த ஒரு எழுத்துக்காக எட்டு வருஷமாகப் பேச்சில்லை.

பேரன்: எழுதிக்கவா?

ஆயா: எழுது. நோட்டில் கையெழுத்துப் போடப் போவது உன் அம்மாதான்.

பேரன்: (அழிக்கிறான்) ‘பிரி’க்கு வேறு பொருள் இருக்கா?

ஆயா: இதோ, மூன்று பிரிக் கயிறு. மூன்று பிரியையும் சேர்த்து முறுக்கினால்தான் கயிறு.

பேரன்: பிரியைச் சேர்க்கிறதா? ஒரே பேஜாரா இருக்கே!

ஆயா: தமிழைக் கேள். நான் கயிற்றுக்குத்தான் பொறுப்பு.

பேரன்: கடைசிக் கேள்வி. திருக்குறள் 116ஆம் அதிகாரம், பிரிவாற்றாமை. இன்னா அர்த்தம்?

ஆயா: புருஷன் பிரிந்து போனால் பொண்டாட்டியால் தாங்க முடியாது.

பேரன்: தாத்தா கடலுக்குப் போனா நீயும் அப்படியா?

ஆயா: அந்த நாலு நாள்தான் நான் தூங்குகிற நாள். மீன்பிடித் தடைக்காலத்தை நினைத்துப் பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கரையில், தாத்தா கட்டிலில். குழம்பில் உப்பு கம்மி, டீயில் சர்க்கரை ஜாஸ்தி, இந்த மீனை இப்படியா வெட்டுவது என்று வேறு. பிரிவாற்றாமைக்கு 10 குறள் எழுதியவர், பிரியாமையாற்றாமைக்கு ஒன்றாவது எழுதியிருக்கலாம்.

பேரன்: அது ரொம்ப நீளம் ஆயா. பிரித்து எழுத வராது.

(உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது.)

ஆயா: ஐயோ, எழுந்துவிட்டார். பொட்டலத்தைப் பிரிடா, சீக்கிரம்!

பேரன்: மூணு பங்கா?

ஆயா: ரெண்டு.