கேட்டால்தான் எண்ணுவார்கள்

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் தரப்பட்ட ஒரு பதிலை இன்னமும் என் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். கேள்வி கேட்டவர் காங்கிரஸ் உறுப்பினர் கே.சி. வேணுகோபால். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் கிடைக்காமல் ஏராளமானோர் சாலையிலும் மருத்துவமனையிலும் இறந்தது உண்மையா என்று கேட்டிருந்தார். எழுத்துப்பூர்வமாகப் பதில் தந்தவர் சுகாதாரத் துறை இணையமைச்சர் பாரதி பிரவீண் பவார். சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு. இறப்புகளைத் தெரிவிக்க மாநிலங்களுக்கு விரிவான வழிகாட்டுதல்கள் தரப்பட்டுள்ளன. ஆனால் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்தது என்று குறிப்பிட்டு எந்த மாநிலமும் எந்த இறப்பையும் தெரிவிக்கவில்லை. இதுதான் பதிலின் சாரம்.

அந்தப் பதிலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் என் மாமா இறந்தார்.

அவர் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில், சுவரில் ஒரு கண்ணாடிக் குழாய் பொருத்தப்பட்டிருந்தது. அதற்குள் ஒரு சிறிய உருண்டை. ஆக்சிஜன் சரியாக வந்தால் உருண்டை மேலே மிதக்கும். கீழே உள்ள தண்ணீர்க் குப்பியில் குமிழிகள் கொப்பளிக்கும். வார்டில் இருந்த எங்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் அந்தக் கருவி பழகிவிட்டது. நோயாளியின் முகத்தைப் பார்ப்பதைவிட அந்த உருண்டையைத்தான் அதிகம் பார்த்தோம். மூன்றாம் நாள் பின்னிரவில், அது மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. எங்கள் கட்டிலில் மட்டுமல்ல, அந்த வரிசை முழுவதும். "சிஸ்டர், குமிழி நின்றுபோய்விட்டது, சிஸ்டர்" என்று அத்தை ஓடினார். அந்தப் பெண் என்ன செய்வார், பாவம். அவரும் மாற்று சிலிண்டருக்காக வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் உருண்டை மறுபடியும் மேலே வந்தது. அதற்குள் மாமா போய்விட்டார். எதிர்க் கட்டிலில் இருந்தவரும் போய்விட்டார்.

மருத்துவமனை தந்த காகிதத்தில் கோவிட் நிமோனியா, சுவாசச் செயலிழப்பு என்று எழுதியிருந்தார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த உருண்டை இறங்கியதற்கு அந்தக் காகிதத்தில் இடமே இல்லை.

போன வாரம் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்தில், நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது, அமைச்சர்கள் மழுப்புவார்கள், இவர்கள் கூச்சல் போட்டு வெளிநடப்பு செய்வார்கள், அவ்வளவுதான் என்று நன்கு படித்த ஒருவர் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சாப்பாட்டுப் பந்தியில் எதற்கு விவாதம் என்று நான் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். பேசாமல் வந்தது ஒரு வாரமாக உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஒரு மாவட்ட அலுவலகத்தில் எழுத்தராகப் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். சட்டமன்றத்திலிருந்து ஒரு வினா வந்தால் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்பதை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். பொதுமக்கள் மனு வந்தால் தபாலில் சேரும், பதிவேட்டில் ஏறும், நினைவூட்டு வந்த பிறகுதான் நகரும். சட்டமன்ற வினா அப்படியல்ல. 'மிக அவசரம்' என்று சிவப்பில் எழுதிய சீட்டோடு வரும். கண்காணிப்பாளர் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுவார். மாவட்டத்தில் பழுதடைந்த கைப்பம்புகள் எத்தனை, எவ்வளவு காலமாக என்று ஒருமுறை ஒரு வினா வந்தது. கேட்டவர் எதிர்க்கட்சி உறுப்பினர். எங்களிடம் அப்படி ஒரு கணக்கே இல்லை. கைப்பம்பு நிறுவியதற்குப் பதிவேடு இருந்தது, பழுதானதற்கு இல்லை. அன்று இரவு பதினோரு மணி வரை ஒவ்வோர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் தொலைபேசியில் பேசி, ஊர் ஊராகப் பெயர் எழுதிப் பட்டியல் தயாரித்தோம். பட்டியல் என்று ஒன்று வந்த பிறகு அதை ஒளித்துவைக்க முடியவில்லை. மேலிருந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கோடையிலேயே பல பம்புகள் சரிசெய்யப்பட்டன.

அந்த உறுப்பினர் அவையில் என்ன பேசினார், அமைச்சர் என்ன சொன்னார் என்பது எனக்கு நினைவில்லை. அந்த இரவுதான் நினைவிருக்கிறது. அவைக்கு வெளியே, யாரும் பார்க்காத இடத்தில், அதுவரை எண்ணாத ஒன்றை எண்ணினோம். ஒரு கேள்விக்கு அந்த வலிமை உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அதே அலுவலகத்தில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். 'இன்மை அறிக்கை' என்று ஒன்று உண்டு. கேட்ட விவரம் எங்கள் எல்லையில் எதுவும் இல்லை என்று ஒரு வரியில் எழுதி அனுப்புவது. உண்மையிலேயே இல்லாவிட்டாலும் அதைத்தான் அனுப்புவார்கள். தேடிப் பார்க்காவிட்டாலும் அதைத்தான் அனுப்புவார்கள். காகிதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கீழே பத்து அலுவலகங்கள் இன்மை அறிக்கை அனுப்பினால், மேலே போகும்போது அது 'மாவட்டத்தில் இல்லை' என்று ஆகிவிடும். எல்லா மாவட்டங்களும் அனுப்பினால் மாநிலத்தில் இல்லை. எல்லா மாநிலங்களும் அனுப்பினால் நாட்டிலேயே இல்லை. ஜூலை 20 பதிலைப் படித்தபோது இதைத்தான் உணர்ந்தேன். இறப்பு நடக்கவில்லை என்று அமைச்சர் சொல்லவில்லை. 'தெரிவிக்கப்படவில்லை' என்றார். இரண்டு சொற்களுக்கும் நடுவில் என் மாமா கிடக்கிறார்.

அவர் மட்டுமா? 2021 மே 1 அன்று டெல்லி பத்ரா மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்து, அங்கேயே பணியாற்றிய மூத்த மருத்துவர் உட்பட 12 பேர் இறந்ததாக மருத்துவமனையே சொன்னது. அடுத்த நாள் இரவு கர்நாடகத்தின் சாமராஜநகரில் ஒரே மருத்துவமனையில் 24 பேர். அதை விசாரிக்கக் கர்நாடக உயர் நீதிமன்றம் அமைத்த குழு, ஆக்சிஜன் பற்றாக்குறையே காரணம் என்று மே மாதத்திலேயே சொல்லிவிட்டது. மே 10 அன்று திருப்பதி ரூயா மருத்துவமனையில் 11 பேர். நம் செங்கல்பட்டில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்டோர். அங்கே ஆக்சிஜன் தட்டுப்பாடு இல்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள். ஜூலை பதிலிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. முதல் அலையில் ஒரு நாளின் உச்சத் தேவை 3,095 டன்னாக இருந்த ஆக்சிஜன், இரண்டாம் அலையில் ஏறக்குறைய 9,000 டன்னுக்குப் போனது. ஆக்சிஜனை டன் கணக்கில் எண்ணியிருக்கிறார்கள். அது கிடைக்காமல் போனவர்களை எண்ணவில்லை.

இதில் மத்திய அரசை மட்டும் குறைசொல்ல என் மனம் ஒப்பவில்லை. கேள்வி கேட்ட வேணுகோபாலின் கட்சியே அப்போது ஆண்ட சத்தீஸ்கரில், எங்கள் மாநிலத்தில் அப்படி ஓர் இறப்பும் இல்லை என்று சுகாதார அமைச்சர் சொன்னார். தெரிவித்தால் தங்கள் மருத்துவமனைக்கு, தங்கள் ஆட்சிக்குக் கெட்ட பெயர் என்று எல்லா மட்டத்திலும் பயந்தார்கள். கட்சி பார்க்காமல் எல்லோருமாகச் சேர்ந்து அனுப்பிய இன்மை அறிக்கை அது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அந்தப் பந்தியில் சொல்லியிருக்க வேண்டும். பதில் வந்தவுடன் நாடே கொதித்தது. அவையைத் தவறாக வழிநடத்தியதாக உரிமை மீறல் நோட்டீஸ் கொடுப்பேன் என்று வேணுகோபால் சொன்னார். ஒரு வாரத்துக்குள், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தவர்களின் விவரத்தை அனுப்புங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களிடம் கேட்டது. ஆகஸ்ட் 10 அன்று அதே மாநிலங்களவையில் அதே துறை வேறொரு பதில் சொன்னது. ஆக்சிஜன் தொட்டியில் அழுத்தம் குறைந்ததால், வென்டிலேட்டரில் இருந்த சில நோயாளிகள் இறந்ததாக ஆந்திரம் தெரிவித்திருக்கிறது என்று.

ஜூலை 20 அன்று எதுவுமே இல்லை. ஆகஸ்ட் 10 அன்று ஆந்திரம் இருக்கிறது. அந்த மூன்று வாரங்களில் புதிதாக யாரும் இறந்து கணக்கில் சேரவில்லை. மே மாதத்தில் இறந்தவர்கள்தான். கேட்டார்கள், அதனால் எண்ணினார்கள், அதனால் வந்தது. போதாதுதான், ஒரே ஒரு மாநிலம்தான். இருந்தாலும், கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இரண்டு தேதிகளைத்தான்.

முந்தைய ஆண்டையும் நினைத்துப் பாருங்கள். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்தில் கேட்கலாம், எழுத்தில் பதில் வரும். கேட்பதற்கு அது போதாதா என்று தோன்றலாம். போதாது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர் உடனே துணைக் கேள்வி கேட்கலாம். அந்தத் துணைக் கேள்விக்கு அமைச்சர் அப்போதே, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும். அதிகாரி எழுதிக் கொடுத்த தாள் பல நேரங்களில் அங்கே கைகொடுக்காது. எழுத்துப்பூர்வமான பதிலில் அந்த நொடி கிடையாது. அந்தக் கூட்டத்தொடரின் முதல் நாளில், ஊரடங்கில் சொந்த ஊருக்கு நடந்த புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்று கேட்டதற்குத் தொழிலாளர் துறை சொன்ன பதில்: அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை. இழப்பீடு பற்றி? மேற்கண்ட நிலையில் கேள்வி எழவில்லை.

'கேள்வி எழவில்லை.' இந்த வாக்கியத்தை நானே பல கோப்புகளில் தட்டச்சு செய்திருக்கிறேன். அது வழக்கமான அலுவலகச் சொற்றொடர்தான். அப்படி நடந்துபோகும் வழியில் தண்டவாளத்தில் தூங்கி ரயிலில் அடிபட்டு இறந்தவர்களைப் பற்றி அதை எழுதியபோது தட்டச்சு செய்தவரின் கை நடுங்கியிருக்கும் என்றே நம்ப விரும்புகிறேன். அன்று துணைக் கேள்வி இருந்திருந்தால், ஏன் பராமரிக்கவில்லை என்று ஒருவராவது எழுந்து கேட்டிருப்பார்.

நேருவின் ஆட்சியில், 1957இல், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போடப்பட்டதை மக்களவையில் கிளப்பியவர் ஃபெரோஸ் காந்தி. அவர் ஆளும் கட்சிக்காரர், பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளாவின் விசாரணை நடந்தது, நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவியை விட்டு விலகினார். ஆளும் கட்சிக்குள்ளிருந்தே அப்படிக் கேட்கும் ஆட்கள் இன்று இல்லை. எஞ்சியிருப்பது எதிர்க்கட்சி மட்டும்தான். ஆகவே எதிர்க்கட்சி உறுப்பினரை வெளியே அனுப்பினால், அந்த இருக்கையோடு சேர்ந்து நம் கேள்வியும் வெளியே போகிறது.

2023 டிசம்பரில் அப்படித்தான் நடந்தது. மக்களவைக்குள் இருவர் பார்வையாளர் மாடத்திலிருந்து குதித்தார்கள். உள்துறை அமைச்சர் அவைக்கு வந்து விளக்கம் தர வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. நியாயமான கோரிக்கை, வந்து நான்கு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கனிமொழி, ஜோதிமணி, சு. வெங்கடேசன், மாணிக்கம் தாகூர் எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. அன்று அவையிலேயே இல்லாத சேலம் உறுப்பினர் எஸ்.ஆர். பார்த்திபன் பெயரைக்கூட முதலில் சேர்த்து, பிறகு நீக்கினார்கள். இவையெல்லாம் செய்தியில் வந்தன. அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது: இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் முன்பே கொடுத்திருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கோஷம் போட்டதற்கு உறுப்பினரைத் தண்டிக்கலாம். அவர் தொகுதியின் ரயில் பாதையைப் பற்றிய கேள்வி என்ன கோஷம் போட்டது? அந்தக் கேள்விக்காகத் துறைகளில் எண்ணத் தொடங்கியிருப்பார்களே, அந்த வேலையும் அப்படியே நின்றிருக்கும்.

எதிர்க்கட்சி உறுப்பினர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. 2009 நவம்பர் 30 அன்று, கேள்வி கொடுத்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் மக்களவைக்கே வராததால் கேள்வி நேரம் பாதியிலேயே முடிந்துபோனது. கேட்பவர் பெயர் சபாநாயகரால் அழைக்கப்படும்போது இருக்கை காலியாக இருப்பதைவிட அமைச்சருக்கு இனிப்பான செய்தி வேறில்லை. எல்லா நாளும் அவையின் மையப் பகுதிக்கு இறங்கிக் கேள்வி நேரத்தை ஒத்திவைக்கச் செய்வதும் அப்படித்தான். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20. அவற்றிலும் சிலவற்றுக்குத்தான் வாய்மொழியாகப் பதில் கிடைக்கும். கேள்வி நேரம் தொடங்கும் பதினோரு மணிக்கே அவை ஒத்திவைக்கப்பட்டால் அந்தச் சிலவும் போயிற்று. கோஷத்தைப் பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

அத்தையிடம் ஜூலை 20 பதிலை நான் காட்டவில்லை. ஆகஸ்ட் 10 பதிலைக் காட்டினேன். தமிழில் படித்துச் சொன்னேன். "ஆந்திராவில் மட்டும் எப்படிச் சொன்னார்கள்?" என்று கேட்டார். "அழுத்தம் குறைந்தது என்று அவர்கள் எழுதி அனுப்பியிருக்கிறார்கள், அத்தை" என்றேன். "இங்கேயும் குறைந்ததே. நான்தானே பார்த்தேன்" என்றார்.

கேள்விக்கு நோட்டீஸ் கொடுக்கக் குறைந்தது பதினைந்து நாள் அவகாசம் வேண்டும். அடுத்த கூட்டத்தொடருக்கு முன் எங்கள் தொகுதி உறுப்பினர் கையில் கிடைக்கும்படி ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். இன்மை அறிக்கையில் தப்பிக்க இடம் தராதபடி, அலுவலக மொழியிலேயே, பகுதி பிரித்து எழுதியிருக்கிறேன்:

"(அ) கோவிட் இறப்புகளை மாநிலங்கள் தெரிவிப்பதற்காக மத்திய அரசு தந்த படிவத்தில், ஆக்சிஜன் அழுத்தக் குறைவையோ வழங்கல் தடைபட்டதையோ குறிப்பிட இடம் இருந்ததா;

(ஆ) இல்லையெனில், அத்தகைய இறப்புகளை ஒரு மருத்துவமனை எந்த வழியில் தெரிவித்திருக்க முடியும்;

(இ) அதற்கான இடம் படிவத்தில் எப்போது சேர்க்கப்படும்?"