ஃபைல் சர்வர் மூச்சு வாங்குது

காலைல வந்து பேக்கைக் கூட கீழ வைக்கல, "சர்வர் ஸ்லோ"ன்னு அஞ்சு பேர் சுத்தி நிக்கிறாங்க. எது எவ்வளவு சிபியூ தின்னுதுன்னு காட்டுற டாப் கமாண்ட் போட்டுப் பாத்தா, லினக்ஸ் சர்வர்ல இருக்கற ஃபைல விண்டோஸ் மெஷினுக்குக் குடுக்கற சாம்பாவோட ஒரே ஒரு எஸ்எம்பிடி பிராசஸ் சிபியூவ 100% தின்னுட்டு உக்காந்திருக்கு. சாம்பால கனெக்ட் ஆகுற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பிராசஸ்ங்கறதால பிஐடிய (பிராசஸ் நம்பர) வச்சு ஆளைப் பிடிச்சுட்டேன். அக்கவுன்ட்ஸ் அண்ணன், ஸ்கேன் பண்ண பில்லு மொத்தத்தையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டி வச்சிருக்காரு, லட்சத்துக்கு மேல ஃபைலு! விண்டோஸ் ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து பாக்காது, லினக்ஸ் பாக்கும், அதனால இல்லாத பேர்ல ஒரு ஃபைலக் கேட்டாலும் அதே பேர் வேற எழுத்துல இருக்கான்னு சாம்பா பாவம் ஃபோல்டரையே முழுசா துழாவணும், புதுசா ஒண்ணு சேவ் பண்றப்பல்லாம் இதே கூத்து. வருஷவாரியா பிரிச்சு வைங்கண்ணேன்னா "புது சர்வர் வாங்கிட்டா சரியாயிடும்ல தம்பி"ங்கறாரு. இதுல போன மாசம் சாம்பா பண்றதையெல்லாம் விலாவாரியா எழுதி வச்சு சர்வர ஸ்லோவாக்குற லாக் லெவல் 10 வச்சுட்டு மாத்த மறந்தது நான்தான், அத யார்கிட்டயும் சொல்லல.