ராத்தலை அப்படியே பாதியாக்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் உடல் எடையை ராத்தலில், அதாவது பவுண்டில், சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் தப்பில்லை. கிலோவாக்குகிறேன் என்று சட்டென இரண்டால் வகுத்துவிடுகிறார்களே, அதுதான் எரிச்சல்! ஒரு கிலோ 2.2046 ராத்தல். 154 ராத்தலைப் பாதியாக்கினால் 77, உண்மையில் 69.85. அந்த ஏழு கிலோ எங்கிருந்து வந்தது? பாதியாக்கிய பிறகு அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 77-இல் 7.7 போனால் 69.3. அரைக் கிலோதான் பிசகும்.

ஸ்டோன் இன்னும் மோசம். ஒரு ஸ்டோனுக்கு 14 ராத்தல், 11.5 ஸ்டோன் என்றால் 11 ஸ்டோன் 7 ராத்தல், 5 அல்ல.

பேட்டரி தராசுகள் பலவற்றில் அடிப்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். தூக்கி வைக்கும்போது விரல் பட்டால் போதும், கிலோ ராத்தலாகிவிடும். திரையோரம் கடுகளவு எழுத்தில் ‘எல்பி’, அதாவது ராத்தல், என்று காட்டும்; யார் பார்க்கிறார்கள்? 10 கிலோ பிள்ளைக்கு 22 என்று வந்ததை அப்படியே கிலோ என்று கிளினிக்கில் சொல்லிவிடுகிறார்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால், 10 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150. அந்த 22-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 330! இது விளையாட்டா? பொத்தான்மேல் ஒரு துண்டு டேப்பையாவது ஒட்டி வையுங்களேன்.